மூலம் எது, மிச்சம் எது?

கணினித் துறையில் பயிலும் நம் மாணவர்கள் நிரல் எழுதுவதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, எழுதி முடித்த பிறகு கோப்புறையில் தேங்கிக் கிடக்கும் கோப்புகளின்மீது காட்டுவதில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணி ஒன்றை விரலியில் வாங்கித் திறந்து பாருங்கள். மாணவர் தம் கைப்பட எழுதிய நிரல் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதைச் சுற்றிலும் கணினி உண்டாக்கிய கோப்புகள் பல நூறு மெகாபைட் அளவுக்குக் குவிந்திருக்கும். "இவற்றை ஏன் நீக்கவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "எதை நீக்கலாம்னு தெரியல. நீக்கினா ஓடாமப் போயிடுமோன்னு பயம்."

இந்தப் பயத்தைப் பற்றித்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன். வன்தட்டில் இடம் வீணாகிறது என்பது என் முதன்மையான கவலை அன்று. தாம் எழுதியது எது, கணினி உண்டாக்கியது எது என்று பிரித்துச் சொல்ல இயலாத ஒருவர், தம் படைப்பைத் தாமே முழுமையாக அறிந்திருக்கவில்லை என்பது என் கருத்து. மென்பொருளைக் கட்டமைக்கும்போது மிஞ்சும் கோப்புகளைத் துப்புரவு செய்வதை ஒரு சில்லறை வேலையாக நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். உண்மையில் அது நம் படைப்பை நாமே சோதித்துப் பார்க்கும் தேர்வாகும்.

மிச்சங்கள் பிறக்கும் விதம்

கணினித் துறையைச் சாராத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சி, சி++ போன்ற மொழிகளில் நாம் எழுதும் மூலநிரலைக் கணினி நேரடியாக இயக்குவதில்லை. கம்பைலர் எனப்படும் தொகுப்பி, மூலநிரல் கோப்பு ஒவ்வொன்றையும் படித்து, அதற்கு ஈடான ஓர் இடைநிலைக் கோப்பை உண்டாக்குகிறது. 'ஆப்ஜெக்ட் கோப்பு' என்று நாம் வழங்குவது இதைத்தான். பின்னர் லிங்கர் எனப்படும் இணைப்பி, இந்த இடைநிலைக் கோப்புகளையெல்லாம் ஒன்றுசேர்த்து இயங்குகோப்பைத் தருகிறது. பயனருக்குத் தேவை இயங்குகோப்பு. நிரலாளருக்குத் தேவை மூலநிரல். இடையில் நிற்பவை கட்டடம் எழும்பக் கட்டிய சாரத்தைப் போன்றவை.

அப்படியானால் இடைநிலைக் கோப்புகளை உடனே அழித்துவிடலாமே, ஏன் வைத்திருக்கிறோம்? நேரத்தை மிச்சப்படுத்தத்தான். ஆயிரம் மூலநிரல் கோப்புகள் கொண்ட மென்பொருளில் ஒரே ஒரு கோப்பைத் திருத்தினால், அந்த ஒன்றை மட்டும் மீண்டும் தொகுத்தால் போதும். மற்றவற்றுக்குப் பழைய இடைநிலைக் கோப்புகளே உதவும்.

எதை மீண்டும் தொகுக்க வேண்டும் என்பதை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976ஆம் ஆண்டு ஸ்டீவ் ஜான்சன் என்ற நிரலாளர், ஏற்கெனவே திருத்திவிட்ட பிழை ஒன்றைத் தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைத்தார். மூலநிரல் திருந்திவிட்டது, ஆனால் அந்தக் கோப்பு மீண்டும் தொகுக்கப்படவில்லை. பழைய இடைநிலைக் கோப்பே இயங்குகோப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் தம் சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம் வந்து புலம்ப, அதன் விளைவாகப் பிறந்ததுதான் 'மேக்' என்னும் கருவி. இக்கருவிக்காக ஃபெல்ட்மனுக்கு 2003ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது.

ஆக, பழைய மிச்சம் புதிய நிரலைக் கெடுக்கும் என்ற சிக்கல் ஐம்பது ஆண்டுப் பழமை உடையது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் கருவி ஒன்று பிறந்ததே அதைத் தீர்க்கத்தான்.

'கிளீன்' என்னும் மந்திரம்

'மேக்' கருவி செய்வது எளிய காரியம். மூலநிரல் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் இடைநிலைக் கோப்பின் நேரத்தையும் ஒப்பிடும். மூலநிரல் பிந்தியதாக இருந்தால் மீண்டும் தொகுக்கும், இல்லையேல் விட்டுவிடும். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதை 'மேக்ஃபைல்' என்னும் கோப்பில் நாம் எழுதித் தர வேண்டும்.

இந்த இரண்டு இடங்களிலும் சறுக்கல் நேரலாம். பல மூலநிரல்கள் பயன்படுத்தும் தலைப்புக் கோப்பு ஒன்றை நாம் மாற்றுகிறோம். அந்தச் சார்பு மேக்ஃபைலில் எழுதப்படவில்லை என்றால், கருவி அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. அதுபோலவே, கடிகாரம் சரியில்லாத வேறொரு கணினியிலிருந்து கோப்புகளைப் படியெடுத்தால் நேரக்கணக்கு குழம்பிவிடும். பல விரலிகளில் இன்றும் காணப்படும் ஃபேட் வகைக் கோப்பு முறைமை, கோப்பை மாற்றிய நேரத்தை 2 நொடி இடைவெளியில்தான் பதிவு செய்கிறது. இப்படி நேரம் பிசகும்போது சில கோப்புகள் தொகுக்கப்படாமலே நின்றுவிடலாம்.

இந்நிலையில் மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லும் அறிவுரை என்ன? "ஒரு தடவை 'மேக் கிளீன்' போட்டுட்டு மறுபடி கட்டிப் பாரு, தம்பி." இடைநிலைக் கோப்புகள் யாவும் அழிகின்றன, எல்லாம் புதிதாகத் தொகுக்கப்படுகின்றன, பிழை மறைகிறது. எல்லோரும் மகிழ்ச்சியோடு எழுந்து போகிறார்கள்.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். துப்புரவு செய்தவுடன் பிழை நீங்கிவிட்டால், நோய் தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. நம் மேக்ஃபைலில் ஏதோ ஒரு சார்பு விடுபட்டிருக்கிறது, அல்லது நேரக்கணக்கு பிசகியிருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்கிவிட்டுக் காரணத்தைத் தேடாமல் இருப்பதுபோல், நாளுக்குப் பத்து முறை துப்புரவுக் கட்டளையை ஏவிக்கொண்டிருப்பது நல்ல பழக்கமாகாது. ஆஸ்திரேலியரான பீட்டர் மில்லர் 1998இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதை விளக்குகிறது. பெரிய மென்பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கோப்புறையிலும் தனித்தனியே 'மேக்' ஓட்டினால் கருவிக்கு முழுப் படமும் தெரியாமல் போகிறது என்பதும், அதனாலேயே கட்டமைப்பு பிசகுகிறது என்பதும் அவர் வாதம். தீர்வும் எட்டாத தொலைவில் இல்லை. எந்த மூலநிரல் எந்தத் தலைப்புக் கோப்பைச் சார்ந்தது என்ற பட்டியலை ஜிசிசி போன்ற தொகுப்பிகள் தாமாகவே எழுதித் தரும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

குப்பை போலத் தோன்றும் உழைப்பு

எல்லா மிச்சமும் ஒரே தரத்தவை அல்ல. இதை லினக்ஸ் கெர்னலைக் கட்டமைத்துப் பார்த்தவர்கள் நன்கு அறிவார்கள். அங்கே துப்புரவுக்கு மூன்று படிகள் உள்ளன. 'மேக் கிளீன்' என்றால் உண்டாக்கப்பட்ட கோப்புகளில் பெரும்பாலானவை நீங்கும். ஆனால் அமைப்புக் கோப்பு அப்படியே இருக்கும். 'மேக் மிஸ்டர் புராப்பர்' என்றால் அமைப்புக் கோப்பும் சேர்ந்து போய்விடும். ஐரோப்பாவில் விற்கப்படும் ஒரு துப்புரவுத் திரவத்தின் பெயர் அது. மூன்றாவதான 'மேக் டிஸ்ட்கிளீன்', தொகுப்பான்கள் விட்டுச்சென்ற காப்புப் படிகள் போன்றவற்றையும் அகற்றிவிடும்.

ஏன் இத்தனை படிகள்? அமைப்புக் கோப்பைக் கருவி எழுதுகிறது என்பது உண்மை. ஆனால் எந்த வன்பொருளுக்கு ஆதரவு வேண்டும், எந்த வசதி வேண்டாம் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்ததன் பதிவு அது. பார்வைக்கு மிச்சம் போல் இருந்தாலும் உள்ளே இருப்பது மனித உழைப்பு. குனூ திட்டமும் இந்த வேறுபாட்டை மதிக்கிறது. மீண்டும் உண்டாக்கச் சிறப்புக் கருவிகள் தேவைப்படும் கோப்புகளை அழிக்க, அத்திட்டத்தின் நெறிமுறையில் தனிக் கட்டளை உண்டு. அக்கட்டளை ஏவப்பட்டவுடன், இது பராமரிப்பாளர்களுக்கு மட்டுமே உரியது என்ற எச்சரிக்கை திரையில் தோன்ற வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் ஒவ்வொரு கோப்பிடமும் கேட்க வேண்டிய கேள்வி, 'இதை உண்டாக்கியது யார்?' என்பதன்று. 'இது போய்விட்டால், கையில் இருப்பதைக் கொண்டு இதையே மீண்டும் உண்டாக்க முடியுமா?' என்பதே கேள்வி. முடியுமானால் அது மிச்சம். முடியாதென்றால் அது மூலம், யார் எழுதியதாக இருந்தாலும் சரி. ஜாவாவின் 'கிளாஸ்' கோப்புகள், பைத்தானின் 'பைகேஷ்' கோப்புறை, விசுவல் ஸ்டூடியோவின் 'டிபக்', 'ரிலீஸ்' கோப்புறைகள் ஆகியவை பொதுவாக முதல் வகை. ஆய்வகத்தில் நாள் முழுக்க அமர்ந்து சேகரித்த அளவீடுகள் அதே கோப்புறையில் கிடந்தால், அவை இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே இடத்தில் கலந்து போடுவதால்தான் அழிக்கப் பயம் வருகிறது.

துப்புரவே வினையானால்

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அழிக்கும் கட்டளைக்கு இரக்கம் கிடையாது. 2011ஆம் ஆண்டில் 'பம்பிள்பீ' என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் கட்டளைத்தொகுப்பில், கோப்புப் பாதை ஒன்றின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு பழைய கோப்புறையை மட்டும் நீக்க வேண்டிய கட்டளை, அந்த ஒற்றை இடைவெளியால் இயங்குதளத்தின் உயிர்நாடியான 'யூஎஸ்ஆர்' கோப்புறை முழுவதையும் அழிக்கும் கட்டளையாக மாறியது.

இதற்கு எதிரான பாதுகாப்பு, துப்புரவைத் தவிர்ப்பதில் இல்லை. துப்புரவு செய்யத் தோதாக வேலையை ஒழுங்கு செய்வதில்தான் இருக்கிறது. மூலநிரலுக்கு ஒரு கோப்புறை, கட்டமைப்புக்கு வேறொரு கோப்புறை என்று பிரித்துவிட்டால், இரண்டாவதை முழுசாகத் தூக்கிப் போடலாம். ஒவ்வொரு கோப்பாகத் தேடி அலைய வேண்டியதில்லை. சிமேக் போன்ற இன்றைய கருவிகள் இம்முறையை எளிதாக்கித் தந்துள்ளன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' கருவியைப் பயன்படுத்துவோருக்கு 'கிட் கிளீன்' என்ற கட்டளை உண்டு. அதனுடன் 'என்' என்ற தெரிவைச் சேர்த்தால், எவையெல்லாம் அழியும் என்று ஒத்திகை பார்த்துச் சொல்லும்; எதையும் தொடாது. ஒத்திகை பாராமல் அரங்கேறலாமா? அதிலும் சிறிய 'எக்ஸ்' தெரிவைச் சேர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பதிவு செய்ய வேண்டாம் என்று நாம் ஒதுக்கி வைத்த கோப்புகளையும் அது வாரிக்கொண்டு போகும். தரவுதளக் கடவுச்சொல் எழுதிய அமைப்புக் கோப்பும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.

யாரும் படிக்காத கோப்புகள்

"சரி, கொஞ்சம் குப்பை கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கலாம். 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் வெளியான ஒரு செய்தி இதற்கு விடை தருகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுதள நிரலாளரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கவனித்தார். காரணத்தைத் துருவியபோது, லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருப்பது தெரியவந்தது.

அது எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் நம் பொருளுக்குரிய செய்தி. நிரலாளர்கள் படிக்கும் மூலநிரலில் அது வெளிப்படையாக இல்லை. அதன் உடல், சோதனைக்கான தரவுக் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. அதைத் தட்டியெழுப்பும் கட்டளையோ, வெளியீட்டுக்கென்று கட்டிய சுருக்கக் கோப்பில் இருந்த கட்டமைப்புக் கோப்பு ஒன்றில் மட்டுமே காணப்பட்டது. பொதுக் களஞ்சியத்தில் அது இல்லை. மென்பொருளைக் கட்டமைக்கும் நேரத்தில், ஏற்கெனவே தொகுத்து வைத்த ஓர் ஆப்ஜெக்ட் கோப்பு வெளியே எடுக்கப்பட்டு நூலகத்துடன் இணைக்கப்பட்டது. வெளியீட்டுச் சுருக்கக் கோப்பில் கருவிகள் உண்டாக்கிய கோப்புகள் ஏராளமாக வருவது வழக்கம். ஆகவே அவற்றை எவரும் படிப்பதில்லை. களவு செய்ய வந்தவர் அந்த வழக்கத்தை நன்றாகவே அறிந்திருந்தார்.

டெபியன் குழுவினர் 2013 முதல் முன்னெடுத்துவரும் 'மீள்கட்டமைப்பு' முயற்சியின் அருமை இங்கே புலப்படும். ஒரே மூலநிரலை ஒரே சூழலில் யார் கட்டமைத்தாலும் எண்மம் பிசகாமல் ஒரே இயங்குகோப்பு வர வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். அப்படி வந்தால்தான், நம் கையில் உள்ள இயங்குகோப்பு இந்த மூலநிரலிலிருந்தே பிறந்தது என்று மற்றவர்கள் சரிபார்க்க முடியும். பழைய மிச்சம் எதுவும் இல்லாத வெற்றுக் களத்தில் கட்டமைப்பைத் தொடங்குவது இதற்கு முதற்படி.

நேரமும் இடமும்

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதில் உண்மையும் உண்டு. வன்தட்டு மலிவு, நேரம்தான் விலை உயர்ந்தது என்பார்கள். எல்எல்விஎம் தொகுப்பியையும் அதனோடு வரும் கிளாங்கையும் முழுமையாகக் கட்டமைக்க 15 முதல் 20 கிகாபைட் இடம் தேவை என்று அதன் ஆவணமே கூறுகிறது. மாணவர் மடிக்கணினியில் அது மணிக்கணக்கில் ஓடும். அதைத் தினமும் அழித்துவிட்டுக் கட்டு என்று சொல்பவர் நிரலாளரின் பாடு அறியாதவராகத்தான் இருக்க வேண்டும்.

நானும் அதைச் சொல்லவில்லை. வேலை நடக்கும்போது மிச்சங்கள் இருக்கட்டும். அவை இருப்பது நம் நேரத்தைக் காக்கத்தான். ஆனால் வேலையைப் பிறர் கையில் கொடுக்கும் நாளன்று, எல்லாவற்றையும் அகற்றிவிட்டு மூலத்திலிருந்து ஒருமுறை கட்டிப் பார்த்தே ஆக வேண்டும். சாரத்தைப் பிரித்த பிறகும் கட்டடம் நிற்கிறதா என்பதை உரியவரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து வருபவர்களுக்காக

தமிழ் மாணவர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும். தமிழ்க் கணிமை ஒரு குறிமுறையோடு நின்றுவிடவில்லை. டிஸ்கி, டாம், டாப் என்று பல குறிமுறைகளைக் கடந்துதான் நாம் யூனிகோடுக்கு வந்தோம். அப்படிக் கடந்து வரும்போது, மூலநிரல் கைவசம் இருந்த மென்பொருளைத் திருத்தி எழுத முடிந்தது. இயங்குகோப்பு மட்டுமே எஞ்சியிருந்தால், அதை வைத்துக்கொண்டு பழைய கணினியைத் துடைத்து வைக்கலாமே தவிர வேறென்ன செய்ய முடியும்?

பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். ஓர் ஆண்டு முழுக்க உழைத்து ஒரு மாணவர் தமிழ்ச் சொல்திருத்தியோ எழுத்துணரியோ செய்கிறார். பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். அடுத்த ஆண்டு அதை மேம்படுத்த முன்வரும் இளையவர் கோப்புறையைத் திறக்கிறார். இயங்குகோப்பு இருக்கிறது; இடைநிலைக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன; முக்கியமான மூலநிரல் கோப்பு ஒன்று இல்லை. அது காணாமற்போனது எழுதியவருக்கே தெரிந்திருக்காது. ஏனென்றால் அதன் பழைய இடைநிலைக் கோப்பு அங்கேயே கிடந்து, கடைசி நாள்வரை மென்பொருளை ஓட வைத்துக்கொண்டிருந்திருக்கும். ஒரே ஒரு முறை துப்புரவு செய்து கட்டிப் பார்த்திருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். இப்போதோ இளையவர் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். ஓராண்டு உழைப்பு ஒருவரோடு முடிந்துபோகிறது.

எனவே நான் முன்வைக்கும் யோசனை எளியது. திட்டப்பணியை ஒப்படைப்பதற்கு முந்தைய வாரம், அதன் மூலக் கோப்புகளை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுங்கள். இடைநிலைக் கோப்பு ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது. நீங்கள் எழுதிய குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்கள் அருகில் இல்லாத நேரத்தில், அவர் தம் கணினியில் அதைக் கட்டி ஓட்டட்டும். அவர் எங்கெங்கே உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறாரோ, அங்கெல்லாம் உங்கள் மூலத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. துறைத் தலைவர்களும் மேற்பார்வையாளர்களும் இதை மதிப்பீட்டின் ஒரு பகுதியாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. ஒரு பிற்பகல் போதும்.

அதன் பிறகு உங்கள் கட்டமைப்புக் கோப்புறையை எந்தப் பயமும் இல்லாமல் அழிக்கலாம். வேண்டும்போது அது மீண்டும் வரும்.